சம்பளம் தராததால்தான் படைகள் கலகம் செய்தனவா?

வாசகர் ஒருவரின் கேள்வி, பிப்ரவரி 27

"இடைக்காலப் பேரரசுகளில் நடந்த படைக் கலகங்களைப் பற்றி எதைப் படித்தாலும் ஒரே கதைதான். கஜானா காலி, சம்பளம் இல்லை, சிப்பாய் எழுந்தான், அரசன் செத்தான். விசுவாசம், மானம், கௌரவம் எல்லாம் பிற்பாடு எழுதியவர்கள் பூசிய சாயம். காசு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருந்தால் ஒரு கலகமும் நடந்திருக்காது. மறுக்க முடியுமா?"

மார்ச் 1

பாதியை மறுக்கிறேன். காசு காரணம் என்பது சரி. 'கஜானா காலி' என்பதில்தான் எனக்கு வழக்கு. நான் படித்த மோசமான கலகங்களில் சில, கஜானாவில் காசு இருந்தபோதே நடந்தவை.

கிழக்கு ரோமப் பேரரசிலிருந்து ஆரம்பிக்கிறேன். வருஷம் 588. பேரரசர் மோரிஸ். பாரசீகத்தோடு பதினாறு வருஷமாகப் போர் இழுத்துக்கொண்டிருந்தது. செலவு தாங்காமல் படையினரின் ஊதியத்தில் நாலில் ஒரு பங்கைக் குறைக்க உத்தரவிட்டார். அதே நேரத்தில் கிழக்கு எல்லைப் படைக்குத் தளபதியையும் மாற்றினார். பழைய தளபதி ஃபிலிப்பிகஸ் பேரரசரின் தங்கை கணவர். அவருக்குப் பதிலாக வந்தவர் பிரிஸ்கஸ். மோனோகார்டன் என்ற இடத்தில் படை முகாமிட்டிருந்தது. குறைப்புச் செய்தி பரவியதும் சிப்பாய்கள் கல்லும் வாளுமாகத் தளபதியின் கூடாரத்துக்கு வந்துவிட்டார்கள். எடெஸ்ஸா நகரத்து ஏசுவின் திருமுகப் படத்தை எடுத்துப் போய்க் காட்டினால் அடங்குவார்கள் என்று பிரிஸ்கஸ் நினைத்தார். படத்தின் மேலேயே கல் விழுந்தது. அவர் தப்பி ஓடினார். படை ஜெர்மானஸ் என்பவரைத் தங்கள் தளபதியாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டது. பேரரசரின் சிலைகளை இடித்தார்கள்.

இதில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது அடுத்து நடந்ததுதான். ஊதியக் குறைப்பு ரத்து என்று பிரிஸ்கஸ் ஒரு பிஷப்பை அனுப்பிச் சொல்லிப் பார்த்தார். அடங்கவில்லை! கேட்டது கிடைத்த பிறகும் கலகம் தொடர்ந்தது என்றால், கேட்டது அது மட்டும்தானா?

ஒரு சின்னச் செய்தியும் உண்டு. புதுத் தளபதி வரும்போது படை வரிசையாக நின்று எதிர்கொள்ளும், அவர் குதிரையிலிருந்து இறங்கி அவர்கள் நடுவே நடந்து முகமன் சொல்வார், அது வழக்கம். பிரிஸ்கஸ் இறங்கவில்லை. இதை ஒரு கதை அலங்காரமாகத்தான் எடுத்துக்கொள்கிறேன். சம்பளத்தில் கால் பங்கு போனவனுக்குக் குதிரை ஒரு பொருட்டா?

மார்ச் 1, இரவு

588 இடைக்காலம் ஆகாது, பண்டைக் காலத்தின் வால் என்று ஒருவர் திருத்தியிருக்கிறார். ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் அதை விடமாட்டேன். பின்னால் வரும் எல்லாக் கலகங்களுக்கும் அது அகரம் மாதிரி.

மார்ச் 4

இந்த விஷயத்தில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சொல்கிறேன். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் இருபத்திரண்டு வருஷம் டைம் ஆபீஸில் இருந்தேன். ஹாஜர் எடுப்பது, சம்பளப் பட்டியல் போடுவது, ஏழாம் தேதி ஜன்னலில் உட்கார்ந்து கவர் கொடுப்பது. அடிப்படை, பஞ்சப்படி, பிடித்தம், நிலுவை. இந்த வார்த்தைகளோடுதான் என் வயது கழிந்தது. ஆகவே ஒரு பேரரசன் 'கால் பங்கு குறை' என்று எழுதியதைப் படித்தால், அதைப் பட்டியலில் ஏற்றி ஒவ்வொருவன் முகத்துக்கும் நேரே சொல்ல வேண்டிய ஒருவன் அங்கே இருந்திருப்பானே என்றுதான் எனக்கு முதலில் தோன்றும்.

என் மில்லில் இரண்டு தடவை சம்பளம் தடுமாறியது. முதல் தடவை நூல் தேங்கிவிட்டது, வாங்க ஆளில்லை. முதலாளி ஷிப்ட் மாறும் நேரத்தில் கேட்டுக்கு வந்து நின்றார். வயதானவர். ஒலிபெருக்கி கூட வைக்கவில்லை. "இந்த மாசமும் அடுத்த மாசமும் பாதிதான் தர முடியும். மீதி தீபாவளிக்குள்ள வந்துடும்" என்றார். முணுமுணுப்பு இருந்தது. ஒரு மிஷின் நிற்கவில்லை. தீபாவளிக்கு முன்னால் மீதியும் வந்தது.

இரண்டாம் தடவை நிர்வாகம் கை மாறியிருந்தது. ஏழாம் தேதி போய்ப் பத்தாம் தேதியும் போய்விட்டது. நோட்டீஸ் போர்டில் 'தவிர்க்க இயலாத காரணங்களால்' என்று ஒரு காகிதம். அந்த வாரமே ஆபீஸ் வாசலில் புதுக் கார் ஒன்று வந்து நின்றது, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி. அன்று மத்தியானம் இரண்டாம் ஷிப்ட் சங்கு ஊதியும் ஒருவரும் உள்ளே போகவில்லை. பதினோரு நாள் மில் நின்றது. தள்ளிப்போன சம்பளம் மொத்தமே ஆறு நாள்தான். முதல் தடவை நாலு மாசம் பாதிச் சம்பளம் காத்திருந்தவர்கள் இதே ஆட்கள்.

அந்தக் கார்தான் காரணம் என்று அன்றிலிருந்து சொல்லி வருகிறேன்.

மார்ச் 4, கொஞ்ச நேரம் கழித்து

மேலே எழுதியதற்கு ஒரு ஜோடி சரித்திரத்தில் இருக்கிறது. மோரிஸுக்குப் பின் சில வருஷத்தில் வந்தவர் ஹெராக்ளியஸ். 614இல் ஜெருசலேம் பாரசீகரிடம் போய்விட்டது. மறு வருஷம் அவர்கள் தலைநகர் கான்ஸ்டன்டினோபிளுக்கு எதிர்க்கரையிலேயே வந்து நின்றார்கள். 615இல் ஹெராக்ளியஸ் ஒரு புது வெள்ளிக்காசு அடித்தார். அரசு தரும் ஊதியங்கள் இனி இந்தக் காசில்தான், அதுவும் பழைய கணக்கில் பாதிதான் என்று ஆனது. மோரிஸ் குறைக்க நினைத்தது கால் பங்கு, இவர் குறைத்தது பாதி. அந்தக் காசின் மேல் பொறித்திருந்த வாசகம் 'கடவுளே, ரோமருக்குத் துணை நில்'. பிறகு தேவாலயங்களின் பொன், வெள்ளிப் பாத்திரங்களைக் கடனாக வாங்கி உருக்கிக் காசாக்கினார். 622இல் தானே படையோடு புறப்பட்டுப் போனார். படை அவரோடு நின்றது, ஆறு வருஷம் கழித்து வென்றும் வந்தது.

கேட்டுக்கு வந்து நின்ற எங்கள் பழைய முதலாளி நினைவுக்கு வருகிறார்.

மார்ச் 5

விட்டுப்போனது: 588இல் கலகம் செய்த அதே படை, பேரரசரை மதிக்காமல் இருந்த அதே மாதங்களில், மார்டிரோபோலிஸ் பக்கம் பாரசீகரை எதிர்த்துச் சண்டை போட்டு ஜெயித்தது. எல்லையை விட்டுவிட்டு ஓடவில்லை. வேலைநிறுத்தக் காலத்திலும் பாய்லர் அணையாமல் பார்த்துக்கொண்ட ஆட்களை எனக்குத் தெரியும். கடைசியில் அந்தியோக்கியா பிஷப் கிரிகோரி போய்ப் பேசித்தான் சமாதானம் ஆனது.

மார்ச் 6

'மோரிஸ் ஒரே தப்பைத்தானே செய்தார், அதற்காகவா அவரைக் கொன்றார்கள்' என்ற கேள்விக்கு. ஒன்று இல்லை, மூன்று.

594இல் டான்யூப் எல்லைப் படைக்கு ஒரு புது ஏற்பாடு. ஊதியத்தில் மூன்றில் ஒரு பங்கு துணியாக, ஒரு பங்கு ஆயுதமாக, மீதி ஒரு பங்கு மட்டும் பொற்காசாக. ஆபீஸ் மேஜையில் எழுதிப் பார்த்தால் அழகான கணக்கு, சிப்பாய்க்கு எப்படியும் துணியும் ஆயுதமும் வேண்டும்தானே? ஆனால் காசாக வரும்போது பழைய கேடயத்தையே தட்டிச் சரிசெய்துகொண்டு மீதியை வீட்டுக்கு அனுப்பலாம். பொருளாக வந்தால் அந்த மிச்சம் அவன் கையை விட்டுப் போகிறது. எங்கள் மில்லிலும் ஒரு வருஷம் போனஸில் ஒரு பகுதிக்குத் துணிக் கூப்பன் கொடுத்தார்கள். கடைத்தெருவில் அந்தக் கூப்பனை முக்கால் விலைக்கு விற்றுவிட்டுப் போனவர்களே அதிகம். கூப்பனாக வந்தது துணி, வீட்டில் கட்ட வேண்டியிருந்தது பள்ளிக்கூட ஃபீஸ்.

அந்த 594 உத்தரவில் நல்லதும் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. போரில் செத்தவனின் மகனுக்குத் தகப்பன் இடத்தில் வேலை, ஊனமானவர்களுக்கு நகரங்களில் இடமும் அரசுச் செலவில் சாப்பாடும். கொந்தளித்து நின்ற படையிடம் இதை வாசித்ததும் அதே வாய்கள் பேரரசரை வாழ்த்தின.

அப்புறம் 602. குளிர்காலத்தை டான்யூபுக்கு அக்கரையில், ஸ்லாவியர் நிலத்தில் கழிக்க வேண்டும், ஊருக்குத் திரும்பக் கூடாது என்று உத்தரவு. அங்கேயே இருந்தால் தீனிச் செலவு எதிரியின் கணக்கில் போகும், கஜானாவுக்கு மிச்சம். இதே உத்தரவு 593இலும் வந்து, அப்போது ஒருவாறு சமாளிக்கப்பட்டது. இந்தத் தடவை ஃபோகாஸ் என்ற சின்ன அதிகாரியைத் தலைவனாக்கிக்கொண்டு படை தலைநகரை நோக்கித் திரும்பிவிட்டது. நவம்பர் 23 அன்று ஃபோகாஸ் முடிசூடினார். 27ஆம் தேதி மோரிஸைக் கொன்றார்கள், அதற்கு முன் அவர் கண்ணெதிரே ஐந்து மகன்களை.

அந்த ஐந்து பிள்ளைகளை நினைத்தால் சிப்பாய்கள் பக்கம் பேச எனக்கு நா எழவில்லை. இதையும் பதிவு செய்துவிட்டுத்தான் மேலே போகிறேன்.

மார்ச் 9

சீனாவுக்குப் போவோம். எனக்கு இந்தத் தலைப்பில் ஒரே ஒரு கலகத்தை மட்டும் சொல்ல அனுமதி என்றால் இதைத்தான் சொல்வேன்.

783, தாங் பேரரசு, பேரரசர் தெசோங். கிழக்கே மாகாணத் தளபதிகள் கிளம்பிவிட்டார்கள். அவர்களை அடக்க வடமேற்கு எல்லையிலுள்ள ஜிங்யுவான் படையிலிருந்து ஐயாயிரம் பேரை வரவழைத்தார்கள். வழியில் தலைநகர் சாங்கான். குளிர், மழை, நனைந்த உடம்போடு வந்து சேர்ந்தார்கள். பலர் தங்கள் மகன்களையும் தம்பிகளையும் கூடவே கூட்டி வந்திருந்தார்கள். தலைநகரில் பேரரசர் தாராளமாகப் பரிசு தருவார், அதைப் பிள்ளைகளிடம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டுச் சண்டைக்குப் போகலாம் என்ற நினைப்பு. ஒன்றும் தரவில்லை. ஊரைத் தாண்டியதும் சாப்பாடு போட்டார்கள். தவிட்டரிசிச் சோறு, கீரை வைத்த ரொட்டி. அதைக் காலால் எட்டி உதைத்துக் கவிழ்த்தார்கள்.

அவர்கள் கத்தியதாகச் சரித்திரம் பதிந்து வைத்திருப்பதன் சாரம் இது: எதிரி கையில் சாகப் போகிறோம், வயிறு நிறையச் சோறில்லை. சியொங்லின், தாயிங் என்று இரண்டு களஞ்சியங்களில் பொன்னும் பட்டும் வழிகிறதாமே, போய் எடுத்துக்கொள்வோம்.

அந்த இரண்டும் பேரரசரின் சொந்தக் களஞ்சியங்கள். பொதுக் கஜானா வேறு. எல்லையில் கிடந்த சிப்பாய்க்கு அவற்றின் பெயர் வரைக்கும் தெரிந்திருக்கிறது! கேள்வி கேட்ட நண்பர் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். 'காலி' என்று சொன்ன கஜானாவுக்குப் பக்கத்தில் நிரம்பிய இன்னொன்று.

சேதி கேட்டதும் தெசோங் அவசரமாக ஆளுக்கு இரண்டு பட்டுச் சுருள் தரச் சொன்னார். கோபம் கூடியது, கொண்டு வந்த தூதன் மேல் அம்பு விட்டார்கள். பிறகு இருபது வண்டி நிறையப் பொன்னும் பட்டும் அனுப்பச் சொன்னார். அதற்குள் படை நகருக்குள் வந்துவிட்டது. காலையில் ஒரு வண்டி போயிருந்தால் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. சாயங்காலம் இருபது வண்டியும் வீண்.

உள்ளே நுழைந்த சிப்பாய்கள் ஓடும் ஜனங்களைப் பார்த்து, பயப்படாதீர்கள், இனி உங்கள் வீட்டுக்குக் கூரை வரி கிடையாது என்று கத்திக்கொண்டே போனார்களாம். போர்ச் செலவுக்காக வீட்டுக்கட்டுக் கணக்கில் போட்டிருந்த புது வரி அது. சிப்பாயின் சம்பளத்துக்கென்று குடியானவனிடம் வரி, ஆனால் சிப்பாய் கைக்குச் சம்பளம் வரவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில்தான் வலித்திருக்கிறது.

தெசோங் ஃபெங்தியான் என்ற கோட்டை நகருக்கு ஓடினார். சாங்கானில் ஜூ ட்சி என்ற தளபதியைப் பேரரசராக்கினார்கள். 784இல் தெசோங் தன் தவறுகளைத் தானே ஒப்புக்கொண்டு ஒரு பிரகடனம் வெளியிட்டார். அதை அவருக்காக எழுதியவர் லூ ஜி என்ற அரசவை அறிஞர். அப்பேர்ப்பட்ட அவமானத்துக்குப் பிறகும், ஒளிந்திருந்த ஃபெங்தியானிலேயே, வந்து சேர்ந்த காணிக்கைகளை வைத்து தெசோங் மறுபடி சியொங்லின், தாயிங் என்று பெயர்ப்பலகை மாட்டிக் களஞ்சியம் திறந்தார். படைக்கு இன்னும் பரிசு கொடுத்து முடியவில்லை, அதற்குள் இதுவா என்று லூ ஜி மனு எழுதினார். பலகையைக் கழற்றினார்கள்.

அந்த மனுவை எழுத எவ்வளவு நெஞ்சுறுதி வேண்டும்! எங்கள் மில்லில் அந்தக் காரைப் பற்றி நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை சொல்ல எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

மார்ச் 10

'ரொட்டிக்கும் கீரைக்குமா கலகம்' என்று ஒருவர். சோறு லேசான சங்கதியா? செஞ்சோற்றுக் கடன் என்ற வார்த்தையையே வைத்திருக்கிற நாம் இதைக் கேட்கலாமா? உயிரைக் கொடுக்கிறவனுக்குப் போடுகிற சோறு கூலியில் சேராது, அது அவனோடு செய்துகொள்கிற உறவு.

துருக்கியை ஆண்ட உஸ்மானிய சுல்தான்களின் ஜானிசரி என்ற காலாட்படையில் இது அப்படியே அமைப்பாகவே இருந்தது. அவர்கள் தங்கள் படைக்கு வைத்துக்கொண்ட பெயர் ஓஜாக், துருக்கியில் அடுப்பு என்று பொருள். ஒரு பிரிவின் அதிகாரிக்குப் பதவிப் பெயர் சோர்பாஜி, அதாவது சூப் வார்ப்பவர். மூன்று மாதத்துக்கு ஒரு முறை சம்பளம், அன்று அரண்மனையில் சாப்பாடு. சூப்பைக் குடித்தால் திருப்தி. தொடாமல் நின்றாலே அரண்மனைக்குக் கிலி பிடித்துவிடும். பெரிய சமையல் அண்டாவைக் கவிழ்த்தால் கலகம் என்று அர்த்தம். அண்டாவைத் தூக்குவது என்றாலே அவர்கள் பேச்சில் கிளர்ச்சி.

1446இல் எதிர்னே நகரில் நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சுல்தான் இரண்டாம் மெஹ்மத் அப்போது பதினான்கு வயதுப் பையன், தகப்பன் முராத் ஆட்சியை விட்டு ஒதுங்கிப் போய்விட்டார். அக்சே என்ற வெள்ளிக்காசின் எடையைக் குறைத்து அடித்தார்கள். எண்ணிக்கையில் சம்பளம் அதேதான், வெள்ளி மட்டும் குறைவு. ஜானிசரிகள் ஊருக்கு வெளியே ஒரு குன்றில் கூடிவிட்டார்கள். நாளைக்கு அரை அக்சே கூட்டிக் கொடுத்த பிறகுதான் இறங்கினார்கள். அந்தக் குன்றுக்கு புச்சுக்தெபே, அரைக் குன்று, என்றே பெயர் நின்றுவிட்டது. முராத் திரும்ப வந்து ஆட்சியில் உட்கார்ந்தார். அவரைத் திரும்பக் கொண்டுவர முதலமைச்சர் ஹலீல் பாஷாவே விரும்பினார் என்பதால் இதை வெறும் சம்பளச் சண்டை என்றும் சொல்லிவிட முடியாது.

மார்ச் 14

என்னை மறுத்து நல்ல கேள்வி ஒன்று வந்திருக்கிறது: 'சிப்பாய்களைப் பாவப்பட்டவர்களாகவே காட்டுகிறீர்கள். சாமர்ரா என்ன ஆயிற்று?'

நியாயம். அப்பாஸிய கலீஃபாக்கள் பாக்தாத்தை விட்டு சாமர்ராவில் இருந்த காலம். 861இல் துருக்கியக் காவல் படை கலீஃபா முத்தவக்கிலைக் கொன்றது. அதிலிருந்து ஒன்பது வருஷத்துக்குள் இன்னும் நாலு கலீஃபாக்கள் வந்து போனார்கள். படைச் செலவு வருஷத்துக்கு 20 கோடி திர்ஹம், அது பேரரசு முழுவதன் இரண்டு வருஷ நிலவரிக்குச் சமம் என்று அக்காலச் சரித்திர ஆசிரியர் தபரி எழுதுகிறார். அந்தக் கணக்கை எந்த டைம் ஆபீஸிலும் சரிக்கட்ட முடியாது. இங்கே கேள்வி கேட்ட நண்பர் சொன்னதுதான் சரி, கஜானா உண்மையிலேயே காலி. படையும் நியாயம் பார்க்கவில்லை. இந்த இடத்தில் என் வாதத்தைத் தளர்த்திக்கொள்கிறேன்.

ஆனால் அதே ஊரில் 869இல் நடந்தது ஒன்று உண்டு. கலீஃபா முஃதஸ்ஸிடம் படை நிலுவை கேட்டது. பேரம் இறங்கி இறங்கி ஐம்பதாயிரம் தீனாரில் வந்து நின்றது. மகன் தாயிடம் கேட்டார். கபீஹா என்பது அந்த அம்மாளின் பெயர். தன்னிடம் காசே இல்லை என்று சொல்லிவிட்டார். படையினர் கலீஃபாவை இழுத்து வந்து வெயிலில் நிறுத்தி, பதவியிலிருந்து இறக்கி, சோறும் தண்ணீரும் இல்லாமல் அடைத்துக் கொன்றார்கள். பிறகு அம்மாள் ஒளித்து வைத்திருந்த பணம் அகப்பட்டது. பத்து லட்சம் தீனாருக்கும் மேல், மரகதமும் முத்தும் வேறு. கலகத்தை நடத்திய தளபதி சாலிஹே அதைப் பார்த்து, ஐம்பதாயிரத்துக்காகப் பெற்ற பிள்ளையைக் காவு கொடுத்தாளே என்றாராம்.

மார்ச் 17

இன்று கட்டலான்கள், அதாவது ஸ்பெயின் பக்கத்துக் கட்டலோனியாவிலிருந்து வந்த கூலிப்படையினர். நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1303இல் கான்ஸ்டன்டினோபிள் பேரரசர் ஆண்ட்ரோனிகோஸ், துருக்கியரை எதிர்க்க ரோஜர் டி ஃப்ளோர் என்பவரின் கூலிப்படையை வரவழைத்தார். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்கள், வழக்கத்தைவிட இரண்டு மடங்குச் சம்பளம். வேலையை நன்றாகவே செய்தார்கள், ஊர்களைக் கொள்ளையும் அடித்தார்கள். சம்பளம் வரும்போது மட்டமான காசில் வந்தது. எட்டு தினாருக்குச் சமம் என்று கொடுத்த காசு மூன்று கூடத் தேறாது என்று முந்தானேர் எழுதுகிறார்.

இந்த ரமோன் முந்தானேர் யார் தெரியுமா? அந்தப் படையின் கணக்குகளைப் பார்த்தவர். கலிப்போலி கோட்டையில் முத்திரையும் பேரேடும் அவர் பொறுப்பு. சரித்திரம் எழுதிய கணக்குப்பிள்ளை! இவரை முதன்முதலில் படித்தபோது ராத்திரி தூக்கம் போய்விட்டது எனக்கு.

1305இல் ஆட்ரியனோபிளில், இணைப் பேரரசரின் மாளிகையில் விருந்துக்கு வந்த இடத்தில் ரோஜரைக் கொன்றார்கள். அதற்குப் பழியாகக் கட்டலான்கள் திரேஸ் நாட்டையே சூறையாடினார்கள். அதில் செத்தவர்கள் சம்பளத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத குடியானவர்கள்.

நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்தது. 1310இல் ஏதென்ஸ் கோமகன் வால்டர், அதே படையை ஆறு மாதத்துக்கு அமர்த்தினார். அவர்கள் அவருக்காகக் கோட்டை கோட்டையாகப் பிடித்துக் கொடுத்தார்கள். கொடுத்தது இரண்டு மாதச் சம்பளம், பாக்கி நாலு மாதம். வேலை முடிந்ததும் இருநூறு குதிரை வீரர், முந்நூறு காலாட்கள் என்று நல்லவர்களாகப் பொறுக்கி எடுத்து, அவர்களுக்கு நிலமும் பாக்கியும் கொடுத்து வைத்துக்கொண்டு, மற்றவர்களைச் சல்லிக்காசு இல்லாமல் போகச் சொன்னார். நாங்கள் பிடித்த கோட்டைகளில் சிலவற்றை எங்களுக்கே விடுங்கள், உங்கள் ஆட்களாக இருந்து ஆளுகிறோம் என்று கேட்டுப் பார்த்தார்கள். மாட்டேன் என்றார்.

1311 மார்ச் 15. இரண்டு பக்கமும் அணிவகுத்து நிற்கிறது. அப்போது அந்த ஐந்நூறு பேர், பாக்கி முழுவதும் வாங்கியவர்கள், நிலம் வாங்கியவர்கள், வால்டரிடம் போய், எங்கள் சகோதரர்கள் அந்தப் பக்கம் நிற்கிறார்கள், நாங்கள் அவர்களோடு சாகப் போகிறோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். போய்ச் சாகுங்கள் என்று அவரும் அனுப்பிவிட்டார். கட்டலான்கள் தங்களுக்கு முன்னாலிருந்த வயல்வெளியில் தண்ணீர் பாய்ச்சிச் சேறாக்கியிருந்தார்கள். வால்டரின் குதிரைப்படை அதில் இறங்கிச் சிக்கியது. வால்டர் செத்தார். நாலு மாதச் சம்பளப் பாக்கிக்கு ஏதென்ஸ் நாடே ஈடாகப் போயிற்று. 1388 வரை அது கட்டலான்களிடம்தான் இருந்தது.

நண்பரே, உங்கள் கணக்குப்படி அந்த ஐந்நூறு பேர் வால்டர் பக்கம்தானே நின்றிருக்க வேண்டும்? அவர்களுக்குக் காசு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துவிட்டதே!

மார்ச் 18

வேளைக்காரர் கலகத்தைச் சேர்க்கவில்லையே என்று இரண்டு பேர். சம்பளச் சண்டை இல்லை என்பதால் விட்டேன். இலங்கையில், பொலன்னறுவை அரசர் முதலாம் விஜயபாகுவின் படையில் இருந்த வேளைக்காரர் என்ற தமிழ்ப் படையினர் 1084, 85 வாக்கில் கிளம்பினார்கள். தூதர்களின் மூக்கையும் காதையும் சோழர் அறுத்து அனுப்பிய கோபத்தில், அரசர் சோழர் மேல் படையனுப்ப முனைந்தார். சோழருக்கு எதிராகப் போக வேளைக்காரர் மறுத்து, இரண்டு தளபதிகளைக் கொன்று, அரசரின் தங்கையைச் சிறைபிடித்து, அரண்மனைக்குத் தீ வைத்தார்கள். அரசர் தப்பிப் போய்த் திரும்பி வந்து அடக்கினார். தலைவர்களைக் கொல்லப்பட்ட தளபதிகளின் சிதையருகே எரித்தார், அவர்கள் நிலங்களையும் பறித்தார்.

எனக்கு வியப்பு இதற்குப் பின்னால். விஜயபாகு இறந்த பிறகு, புத்தரின் புனிதப் பல்லை வைத்திருந்த கோயிலைக் காப்பதாக ஒப்புக்கொண்டு, தங்களுக்குள் ஒருவர் இருக்கும் வரை அந்தக் காவல் நிற்கும் என்று வேளைக்காரர் தமிழில் கல்வெட்டு வெட்டி வைத்தார்கள். பொலன்னறுவையில் அந்தக் கல் இன்றும் இருக்கிறது. ஒரு தலைமுறைக்கு முன் அரண்மனையை எரித்த படையின் பெயரில் அந்தக் காவலை ஒப்படைக்க முடிந்திருக்கிறது.

மார்ச் 25

ஒரு வாரம் ஊரில் இல்லை. இன்னும் ஒரு கலகம் பாக்கி, அதுவும் தாங் சீனாதான்.

தெற்கே குய்ஜோவில், இன்றைய குய்லினில், காவலுக்கு வைக்கப்பட்டிருந்த எண்ணூறு பேர். சொந்த ஊர் வடக்கே ஷுஜோ. மூன்று வருஷத்தில் மாற்றி அனுப்புவோம் என்று சொல்லிக் கொண்டுபோனார்கள். ஆறு வருஷம் ஆயிற்று. 868இல், மாற்றுப் படை அனுப்பச் செலவாகும், இராணுவக் கருவூலத்தில் இருப்பு இல்லை, இன்னும் ஒரு வருஷம் இருங்கள் என்று ஷுஜோவிலிருந்து தகவல் வந்தது. வீட்டிலிருந்து வந்த கடிதங்கள் மூலம் சேதி தெரிந்தது. அதிகாரியைக் கொன்றுவிட்டுத் தாங்களாகவே வீட்டுக்கு நடக்க ஆரம்பித்தார்கள். தலைவனாக அவர்கள் தேர்ந்தெடுத்தது பாங் ஷுன் என்பவரை. அவர் படைவீரர் கூட இல்லை, தானியக் கணக்குப் பார்த்த அதிகாரி.

அக்டோபரில் ஷுஜோவைப் பிடித்தார்கள். வழியில் ஏழைகளும் ஓடிப்போனவர்களும் சேர்ந்து எண்ணூறு பெரும்படை ஆனது. அடுத்த வருஷம் ஷாட்டோ துருக்கியரின் உதவியோடு அடக்கினார்கள், பாங் ஷுன் செத்தார். தாங் அரசை அழித்தவர் பின்னால் வந்த கிளர்ச்சித் தலைவர் ஹுவாங் சாவோ, ஆனால் கேட்டின் வேர் குய்லினில் இருக்கிறது என்று பின்னால் சீனச் சரித்திரக்காரர்கள் எழுதினார்கள்.

கணக்குப்பிள்ளையை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று இந்த வாரம் முழுக்க யோசித்தேன். கிடங்கில் எவ்வளவு இருக்கிறது, எண்ணூறு பேர் எத்தனை நாள் நடக்கலாம் என்பது அவருக்குத் தெரியும். கருவூலத்தில் இருப்பு இல்லை என்ற வார்த்தை எவ்வளவு தூரம் நிஜம் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். எங்கள் மில் நின்ற அந்தப் பதினோரு நாளில் பாங்கில் எவ்வளவு இருந்தது என்று எனக்கும் தெரியும். என்னிடம் வந்து கேட்டார்கள். நான் சொல்லவில்லை.

ஏப்ரல் 2

மார்ச் 4 அன்று எழுதியதைத் திருத்த வேண்டியிருக்கிறது.

ஊருக்குப் போயிருந்தபோது ஸ்பின்னிங்கில் வேலை பார்த்த பெரியவர் ஒருவரை அவர் வீட்டில் போய்ப் பார்த்தேன். எண்பதைத் தாண்டிவிட்டார், காது மந்தம், நினைவு மட்டும் கூர்மை. பேச்சு அந்த வேலைநிறுத்தத்துக்குப் போயிற்று. அந்தப் புதுக் கார் வராமல் இருந்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது, இல்லைங்களா என்றேன்.

"காரா? எந்தக் காருங்க?" என்றார்.

அவருக்குக் கார் நினைவே இல்லை. நான் விவரமாகச் சொன்ன பிறகும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, பத்தாந்தேதி நாங்க நாப்பது அம்பது பேரு சம்பள ஜன்னல்கிட்ட வந்து நின்னோம். நீங்க உள்ளதான் இருந்தீங்க. எங்களப் பாத்தீங்க. பாத்துட்டு ஜன்னலச் சாத்திட்டீங்க. ஒரு வார்த்தை, இன்னைக்கு வரலைங்க, போயிட்டு வாங்கன்னு சொல்லியிருந்தா போயிருப்போம்."

சாத்தச் சொன்னது மேலிடம். கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லாதே, ஜன்னலைச் சாத்திவிடு என்று காலையிலேயே சொல்லிவிட்டார்கள். பெரியவரிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. சாத்தியது என் கை.

வீட்டுக்கு வந்து முதல் நாள் எழுதிய பிரிஸ்கஸ் பகுதியை மறுபடி படித்தேன். குதிரையிலிருந்து இறங்காததை அலங்காரம் என்று எழுதியிருக்கிறேன். அதை அழிக்காமல் அப்படியே விடுகிறேன், கீழே இந்தக் குறிப்பும் இருக்கட்டும். வெயிலில் மணிக்கணக்காக வரிசையில் நின்ற ஆட்களுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று நான் யோசிக்கவில்லை.